பூட்டு எங்கே தொங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி முடிந்து ஊருக்குப் போகிற பிள்ளைகள் லேப்டாப்பை விற்றுவிட்டுப் போவார்கள், அதை வாங்கினவர்கள் அடுத்த மாதம் என் கடைக்கு வருவார்கள். போன வருடம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார், மகளுக்காக வாங்கியிருக்கிறார், திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, விற்ற பையன் போனை எடுப்பதில்லை.

நான் முதலில் கேட்பது பில். பில் இல்லாவிட்டால் விற்றவர் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான் தொடுவதில்லை, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, போகட்டும்.

சரி, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். விண்டோஸ் திரையில் பெயருக்குக் கீழே கேட்டால் அது வாசல் கதவுப் பூட்டுதான். பழைய பாஸ்வேர்டைத் தேடி என்ன செய்யப்போகிறீர்கள்? மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ட்ரபிள்ஷூட் என்று வரும், அதற்குள் ரீசெட், அதில் எல்லாவற்றையும் நீக்கு என்பது. அது சரிப்படாவிட்டால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும், வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை அதில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 என்றால் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும், அதே பதிப்பைப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், அதனால் கீ வாங்கணும் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் கேட்டால் அது பயாஸ் பாஸ்வேர்டு. பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடி கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற புரோகிராம். பழைய டெஸ்க்டாப் பலவற்றில் கரண்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கிற 3 வோல்ட் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் மறந்துவிடும். லேப்டாப்பும் அப்படித்தான் என்று நினைத்து, தொழில் கற்ற புதிதில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன், காலையில் மாட்டி ஆன் செய்தால் தேதிதான் பல வருடம் பின்னால் போயிருந்தது, பாஸ்வேர்டு அப்படியே கேட்டது! பல லேப்டாப்களில் அது தனிச் சிப்பில் இருக்கிறது, பில்லோடு கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகவேண்டும்.

பிட்லாக்கர் என்று வந்து 48 இலக்க எண் கேட்டால் அதுதான் திண்டுக்கல் பூட்டு, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் சங்கேத எழுத்தாக மாற்றிவைத்திருக்கும். அந்த எண் பழைய சொந்தக்காரரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், எண் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியாது, ஆனால் அழித்துவிட்டு விண்டோஸ் போடத் தடையில்லை. ஆப்பிள் மேக் அப்படியில்லை, ஆக்டிவேஷன் லாக் போட்டிருந்தால் அழித்தாலும் பழைய கணக்கைக் கேட்கும். கணக்கை நீக்கித் தராவிட்டால் வாங்காதீர்கள்.

குடியாத்தத்துக்காரர் கதைக்கு வருகிறேன். தெரியாத நம்பர் என்று பையன் எடுக்கவில்லையாம். வாட்ஸ்அப்பில் லேப்டாப் போட்டோவை அனுப்பினேன், பத்து நிமிடத்தில் பெங்களூரிலிருந்து அவனே கூப்பிட்டான். பாஸ்வேர்டைச் சொன்னான், அப்புறம், “அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்க்டாப்ல அம்மான்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை மட்டும் எடுத்து வைங்க” என்றான். பென்டிரைவில் போட்டு அன்றைக்கே கூரியரில் அனுப்பினோம், கூரியர் காசை என்னைக் கொடுக்கவிடாமல் குடியாத்தத்துக்காரரே கொடுத்தார்.