டேலில்லி வாங்கப் போகிறீர்களா? பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், தண்டைப் பாருங்கள்!

(திரையில்: விரிந்த மஞ்சள் பூ ஒன்று, மிக அருகில்)

இந்தப் பூவை இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்று ராத்திரியோடு இதன் கதை முடிந்தது. நாளைக் காலையில் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டு தொங்கும். தண்ணீர் ஊற்றவில்லை என்று வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம். டேலில்லியின் குணமே அதுதான்: ஒரு பூவுக்கு ஒரு நாள். ஆனால் இதே செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். அது எப்படி என்று பார்த்துவிட்டு, மூன்று மஞ்சள் ரகங்களை மோத விடப் போகிறோம். மூன்றும் மஞ்சள்தானே, இதில் என்ன மோதல் என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

வரலாறு ஒரே மூச்சில்: சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துச் செடி, ஹெமரோகாலிஸ் என்ற அறிவியல் பெயரில் 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிந்தது, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஸ்டவுட் என்கிற விஞ்ஞானி விதவிதமாகக் கலப்பு செய்து பார்த்தது, இன்றைக்குப் பதிவான ரகங்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. முடிந்தது. தோட்டத்துக்குப் போவோம்.

(திரையில்: ஒற்றைப் பூந்தண்டு, கீழிருந்து மேலாக)

இந்தத் தண்டில் கேமராவை நிறுத்துகிறேன். இலைகள் எல்லாம் தரையிலிருந்து விசிறியாகக் கிளம்பியிருக்கின்றன, தண்டு மட்டும் மொட்டையாக மேலே போகிறது, உச்சியில் இரண்டு மூன்றாகக் கிளை பிரிகிறது. இதோ, நேற்றைய பூ, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அதற்குப் பக்கத்தில் இன்றைய பூ. அதற்கும் பக்கத்தில் உப்பிக்கொண்டு, நுனியில் லேசாக நிறம் ஏறிய மொட்டு, இது நாளைக்கு. அடியில் கடுகளவு பச்சை மொட்டுகள் தெரிகின்றனவா? அவை எல்லாம் அடுத்த வாரத்துச் சரக்கு. ஒரு தண்டில் பன்னிரண்டு மொட்டு இருக்கும் ரகத்துக்கும் முப்பது மொட்டு இருக்கும் ரகத்துக்கும் வித்தியாசம் என்னவென்றால், ஒன்று சீக்கிரம் காலியாகிவிடும், இன்னொன்று ஒரு மாதத்தையே எட்டிப் பிடிக்கும். நர்சரியின் விற்பனைப் பட்டியலில் போட்டோவை மட்டும் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் அந்த ஒரே ஒரு நாளைத்தான் பார்க்கிறார்கள். மொட்டு எண்ணிக்கையும் கிளை எண்ணிக்கையும் போடாத பட்டியலை நான் நம்புவதே இல்லை.

சரி, இப்போது மோதல்.

முதலில் ஹைபீரியன். 1920-களில் வந்த பழைய கை. மூன்றடிக்கு மேல் உயரம், எலுமிச்சை மஞ்சள், பெரிய பூ, அப்புறம் வாசனை! புது ரகங்கள் பலவற்றில் வாசனையே கிடையாது, இதில் பக்கத்தில் போனாலே தெரியும். ஆனால் ஒரு பருவம் பூத்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கிளம்பிவிடும்.

இரண்டாவது, ஸ்டெல்லா டி ஓரோ. வால்டர் ஜப்லோன்ஸ்கி உருவாக்கி 1975-இல் பதிவானது. உயரம் சுமார் 11 அங்குலம், பூ மூன்று அங்குலம்கூட இல்லை. இந்தக் குள்ளச் செடிதான் 1985-இல் டேலில்லி உலகின் பெரிய விருதான ஸ்டவுட் பதக்கத்தை வாங்கியது. காரணம், ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி தண்டு விட்டு மறுபடி பூக்கும். கட்டடங்களின் முகப்பு, சாலை நடுத்திட்டு என்று உலகத்தில் பாதி இடத்தில் இதையே நட்டுத் தள்ளிவிட்டார்கள். அதனாலேயே சில ரசிகர்களுக்கு இதைக் கண்டால் அலர்ஜி. எனக்குச் செடி மேல் கோபமில்லை, நிறம்தான் இடிக்கிறது. பொன் மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது. ரோஸ் நிறப் பூக்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும்.

மூன்றாவது, ஹேப்பி ரிட்டர்ன்ஸ். டாரல் ஆப்ஸ் உருவாக்கியது, 1986. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது ஸ்டெல்லாவின் வாரிசு! அம்மாவா அப்பாவா என்ற ஆராய்ச்சி வேண்டாம். மறுபடி மறுபடி பூக்கும் குணம் அப்படியே வந்துவிட்டது, அந்த இடிக்கிற பொன் நிறம் மட்டும் வரவில்லை. மென்மையான மஞ்சள், ஒன்றரை அடி உயரம், எதன் பக்கத்தில் வைத்தாலும் ஒத்துப் போகும். தொட்டியிலும் சமாளிக்கும். என் ஓட்டு இதற்குத்தான், ஸ்டெல்லா ரசிகர்கள் கமெண்டில் வந்து திட்டுங்கள், படிக்கிறேன்.

(திரையில்: ஆரஞ்சுப் பூக் கூட்டம்)

ஓரமாக ஒரு ஆச்சரியம். பழைய ஆரஞ்சு டேலில்லி, ஹெமரோகாலிஸ் ஃபுல்வாவின் யூரோப்பா ரகம், விதையே பிடிக்காது. சாதாரண டேலில்லிக்குக் குரோமோசோம் 22, பெரிய கலப்பினங்களுக்கு 44, இது நடுவில் 33-இல் மாட்டிக்கொண்டது. ஜோடி சேராததால் நல்ல விதை உருவாவதில்லை. ஆனாலும் சாலை ஓரமெல்லாம் பரவிக் கிடக்கிறது, எல்லாம் மண்ணுக்கடியில் ஓடும் தண்டு செய்கிற வேலை. சின்னத் தோட்டத்தில் இதை விட்டால் பக்கத்துச் செடிக்கு இடம் மிஞ்சாது.

அடுத்து இலை. கேட்க போர், ஆனால் பணம் வீணாவது இங்கேதான். குளிர்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து தூங்கும் வகை ஒன்று, வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் வகை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தூங்கும் வகைகளில் பலவற்றுக்கு நிஜமான குளிர் வேண்டும், அது இல்லாத ஊரில் வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போகும். சூடான ஊர்க்காரர்கள் பச்சை வகையாகப் பார்த்து வாங்குங்கள், உதாரணத்துக்கு ஜோன் சீனியர், கிட்டத்தட்ட வெள்ளைப் பூ. கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன், தூய வெள்ளை டேலில்லியும் கிடையாது, நீலமும் கிடையாது. நீலப் பூ போட்டு விதை விற்கிறார்களா? போட்டோஷாப் வேலை. அது நிஜ டேலில்லி விதையாகவே இருந்தாலும், கலப்பினத்தின் விதையிலிருந்து தாய் ரகம் அப்படியே வராது. பேர் போட்ட ரகம் வேண்டுமென்றால் தூர் பிரித்த கன்றுதான் வாங்க வேண்டும்.

நடுவது சுலபம்: ஆறு மணி நேர வெயில், வேரும் இலையும் சேரும் கழுத்து மண்ணுக்குள் ஓர் அங்குலம், செடிக்குச் செடி ஒன்றரை அடி, நெருங்கிவிட்டால் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து நடுங்கள். கருஞ்சிவப்பு ரகங்களுக்கு மட்டும் மதிய வெயில் ஆகாது, நிறம் உருகி வடியும்.

இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். அந்த இலைகளை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டு போய்விடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

பூனை வளர்ப்பவர்களே, ஒன்று: டேலில்லியில் நிஜ லில்லி மாதிரிக் குமிழ்க் கிழங்கு கிடையாது, ஆனால் விஷ விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இலையைக் கடித்தால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும். பூனை கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

உங்கள் செடி பூத்திருந்தால் ஒரு தண்டில் எத்தனை மொட்டு என்று எண்ணி, ரகத்தின் பேரோடு கமெண்டில் போடுங்கள். உதிர்ந்த பூவின் காம்புத் தழும்பையும் சேர்த்து எண்ண வேண்டும், அதை விட்டுவிட்டு எண்ணினால் நல்ல ரகமும் சோப்ளாங்கியாகத் தெரியும்.