காதுக்குப் பஞ்சு வாங்கிக்கிட்டுப் போற கச்சேரி

நடுவர் ஐயா அவர்களுக்கும் எதிரணிக்கும் சபைக்கும் வணக்கம். விடுமுறைக் கால மகிழ்ச்சி குடும்பத்துக்கு நிறைவாக் கிடைக்கிறது வீட்டுக் கூடத்திலயா, கச்சேரி அரங்கத்திலயா? அரங்கத்திலதான்னு பேச வந்திருக்கேன். நான் மனசில வச்சிருக்கிறது டிரான்ஸ் சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ரா. நவம்பர் நடுவுல கிளம்பி டிசம்பர் கடைசி வரைக்கும் ரெண்டு குழுவாப் பிரிஞ்சு அமெரிக்கா முழுக்கச் சுத்துற கிறிஸ்துமஸ் ராக் கச்சேரி. மின்கிதாரும் வயலினும் ஒரே மேடையில. தலைக்கு மேல லேசர், மேடையில நெருப்பு, நடுநடுவே கதை சொல்றதுக்குன்னே ஒருத்தர். 1999ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு தியேட்டர்ல தொடங்கினது, இன்னைக்குப் பெரிய பெரிய விளையாட்டு அரங்கங்களை நிரப்புது.

எதிரணி அக்கா என்ன சொன்னாங்க? "காதுக்குப் பஞ்சு வாங்கிக்கிட்டுப் போற கச்சேரிக்கு எதுக்குங்க காசு கொடுத்துப் போகணும்?" சொல்லிட்டுக் கைதட்டலும் வாங்கிட்டாங்க. அக்கா, தீபாவளிக்கு அணுகுண்டு பத்த வச்சுட்டுக் காதைப் பொத்திக்கிட்டு ஓடினோமே, காதைப் பொத்தணும்கிறதுக்காக வெடிக்காம விட்டோமா? இப்பக் கைதட்டுங்க!

அந்தப் பஞ்சு விஷயத்தை இன்னைக்கே பேசித் தீர்த்துருவோம். பாதிக் குடும்பம் அதுக்குப் பயந்துதான் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கு. சத்தத்தை டெசிபல்ங்கிற அலகுல அளப்பாங்க. 85 டெசிபல் சத்தத்தைக் காது எட்டு மணி நேரம் தாங்கும்னு வச்சுத்தான் அமெரிக்காவுல NIOSHங்கிற தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக் கணக்குப் போடுது. அதுக்கு மேல மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு மணி, அப்படியே இறங்கி 100ங்கிறப்போ கால் மணி நேரம்தான். ராக் கச்சேரியில 100 சாதாரணம். அதனால பஞ்சு வேணும், எல்லாருக்கும் வேணும்.

பஞ்சுன்னு அக்கா சொன்னது மருந்துக்கடையில கிடைக்கிற நுரை அடைப்பான். நிறையப் பேர் அதை அப்படியே காது வாசல்ல செருகிட்டு, "ஒண்ணுமே குறையலையே"ன்னு குறை சொல்றாங்க. எப்படிக் குறையும்? கையைக் கழுவிட்டு, ரெண்டு விரலுக்கு நடுவுல மெல்லிசாத் திரி மாதிரி உருட்டணும். இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதோட மேல்நுனியை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிக்கணும். அப்பதான் உள்ள இருக்கிற வளைவு நேராகும். சட்டுனு உள்ள விட்டு, முப்பது விநாடி விரலால அமுக்கியே பிடிச்சிருக்கணும். நுரை விரிஞ்சு அடைக்கிறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும். முடிச்சதும் ரெண்டு உள்ளங்கையாலயும் காதை மூடிப் பாருங்க. சத்தம் இன்னும் நல்லாக் குறைஞ்சா அடைப்பான் சரியா உட்காரலைன்னு அர்த்தம். எடுத்துட்டு மறுபடி உருட்டுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இது வேண்டாம். அவங்க காதுக்கு அளவு பெரிசு, எடுத்து வாயிலயும் போட்டுக்குவாங்க. தலையில மாட்டுற காதுமூடிதான் அவங்களுக்கு. ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில மாட்டி விளையாட விட்டுப் பழக்குங்க. அரங்கத்துக்குள்ள போய் முதல்முறையா மாட்டினா, முதல் பாட்டு முடியறதுக்குள்ள கழற்றி எறிஞ்சிரும். காதுக் கருவி போட்டிருக்கிற தாத்தா அதைக் கழற்றிப் பெட்டியில வச்சுட்டுக் காதுமூடி மாட்டிக்கிட்டா நிம்மதியாக் கேட்கலாம். வார்த்தை ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும், இசை விட்டுப்போகாது.

காசு? ஒவ்வொரு டிக்கெட்லயும் ஒரு டாலராவது அந்தந்த ஊர்த் தர்மக் காரியத்துக்குப் போகுது. அதோட, காசை எங்க போடணும்னு தெரிஞ்சு போட்டா வீணாகாது. மேடைக்கு முன்னால தரைத்தளம்தான் விலை அதிகம். ஆனா தரை சமதளம், முன்னால ஒருத்தர் எழுந்தாப் பிள்ளைக்கு முதுகுதான் தெரியும். நெருப்புச் சூடு வேற முகத்தில அடிக்கும். லேசர் புகையில விரிஞ்சு தலைக்கு மேல போறதைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில இருந்து பார்க்கணும். கீழ் அடுக்கில பக்கவாட்டு இருக்கை, பத்தாவது வரிசைக்கு மேல எடுங்க. பார்வை மறைக்கும்னு குறிப்புப் போட்டு விலை குறைச்சு விற்கிற இருக்கையை மட்டும் தொடாதீங்க. மேடைக்கு மேல தொங்குற விளக்குச் சட்டமோ ஒலிப்பெருக்கி அடுக்கோ பாதி மேடையை மறைச்சிரும். மேல் அடுக்குப் படி செங்குத்து. மூட்டுவலி இருக்கிற பாட்டிக்கு டிக்கெட் வாங்கும்போதே படி ஏறாத இருக்கை இருக்கான்னு கேளுங்க.

பல ஊர்ல ஒரே நாள்ல பகல் ஆட்டம் ஒண்ணு, ராத்திரி ஆட்டம் ஒண்ணு. குடும்பத்துக்குப் பகல் ஆட்டம். பிள்ளை தூங்கி விழாது. ஆனா பகல் கூட்டம் வெளிய வர்ற நேரம்தான் ராத்திரிக் கூட்டம் உள்ள வரும், ரெண்டும் வாகன நிறுத்தத்தில முட்டிக்கும். வாசலை ஒட்டி நிறுத்தாம, வெளிய போற சாலைப் பக்கமா நிறுத்துங்க. டிக்கெட்டை வீட்டிலேயே கைபேசியில இறக்கி வச்சிருங்க. வாசல்ல ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில கைபேசியை எடுக்கிறப்போ இணையம் படுத்துரும். அப்பா வண்டியை நிறுத்திட்டுத் தனியா வர்றதா இருந்தா அவர் டிக்கெட்டை அவர் கைபேசிக்கு அனுப்பிருங்க. இல்லைன்னா அம்மாவும் பிள்ளைங்களும் உள்ள, அவர் பனியில வெளிய. ஆஸ்துமா இருந்தா மேடைப் புகைக்கு இன்ஹேலர் சட்டைப் பையில இருக்கட்டும். வலிப்பு உள்ளவங்களுக்கு அந்த வெட்டி வெட்டி அடிக்கிற விளக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமக் கூட்டிட்டுப் போகவே கூடாது.

"யூடியூப்ல போட்டா இலவசம்"னு அக்கா கடைசியா ஒண்ணு சொன்னாங்க. 2020ல கொரோனா வந்து பயணம் நின்னப்போ இந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரங்களே இணையம் வழியா வீட்டுக்கு வந்தாங்க. அடுத்த வருஷமே அரங்கத்துக்குத் திரும்பிட்டாங்க, சனமும் திரும்பிருச்சு. ஏன்? ஒரு கதை சொல்றேன்.

1992 மே 27. போஸ்னியாவில போர். சரயேவோ நகரத்தைச் சுத்தி வளைச்சிருக்காங்க. ரொட்டிக்கு வரிசை. கவனிங்க, துப்பாக்கி வாங்க நிக்கலை, ரொட்டி வாங்க நிக்கிறாங்க. அந்த வரிசையில குண்டு விழுந்திருச்சு. இறந்தவங்க 22 பேர்னு கணக்கு. அந்த ஊர்ல ஒரு செல்லோ கலைஞர், வெத்ரான் ஸ்மைலோவிச். செல்லோன்னா உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம். அவர் என்ன செஞ்சார்? மேடைக்குப் போட்டுக்கிற கறுப்புக் கோட்டைப் போட்டார். செல்லோவைத் தூக்கிக்கிட்டு அந்த இடத்துக்கே போனார். உட்கார்ந்தார். அல்பினோனிங்கிற இத்தாலிய இசையமைப்பாளர் பேர்ல வழங்குற அடாஜியோங்கிற மெதுவான இசையை வாசிச்சார். ஒரு நாளா? மறுநாளும் போனார். அதுக்கு மறுநாளும் போனார். மலையில இருந்து சுடுறாங்க, இவர் வாசிக்கிறார். 22 பேருக்கு 22 நாள்!

அந்தச் சேதி அட்லாண்டிக்கைத் தாண்டி, பின்னால இந்த ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கின பால் ஓநீல்ங்கிற இசையமைப்பாளர் காதுக்கு வந்துது. 1995ல சாவடாஜ்ங்கிற ராக் குழுவோட ஆல்பத்தில அந்தக் கதையை வாத்திய இசையா வச்சார். கதையில அந்தக் கலைஞரை வயசானவரா மாத்திக்கிட்டார். நிஜத்தில அவருக்கு 35 வயசுதான். 1916ல கீவ் நகரத்தில முதன்முதலாப் பாடின, மைக்கோலா லியோன்டோவிச்சோட உக்ரைன் பாட்டு மெட்டு ஒண்ணு அதுல ஓடுது. நாலு சுரத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். வாத்தியக் குழு ஒரு படை, ராக் குழு இன்னொரு படை, நடுவுல தனியா ஒரு செல்லோ, அதுதான் அந்த ஒரு மனுஷன். மறு வருஷம் டிரான்ஸ் சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ராவோட முதல் ஆல்பத்திலும் அதே இசை வந்துது. அரங்கத்தில அந்த ஒத்தைச் செல்லோ தொடங்குறப்போ அத்தனை பேரும் பேச்சை நிறுத்துறாங்க. அப்புறம் கிதார் விழறப்போ நெஞ்செலும்புல அதிருது. கைபேசி ஒலிப்பெருக்கியில அந்த அதிர்வு எங்க வரும்?

நடுவர் ஐயா, இந்த ஊர்ல டிசம்பர்ல அஞ்சு மணிக்கே இருட்டிருது. ஆறு மாசம் தங்கலாம்னு ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மா ஜன்னல்ல பனியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேரன் அறைக்குள்ள, மருமக மடிக்கணினி முன்னால, மகன் அழைப்பில. ஒரே வீடு, நாலு திரை. அதே அரங்கத்தில அம்மாவையும் பேரனையும் பக்கத்துப் பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. இங்கிலீஷ் கதை அம்மாவுக்குப் புரியாமப் போகட்டும். தலைக்கு மேல வெளிச்சம் ஓடுறப்போ பாட்டி அண்ணாந்து பார்க்கிறாங்க, பேரனும் அண்ணாந்து பார்க்கிறான். "பயமா இருக்கா பாட்டி?"னு அவன் கையைப் பிடிக்கிறான் பாருங்க, அந்தக் கையை வீட்டுக் கூடத்தில வாங்கிக் கொடுக்க முடியுமா அக்கா? உங்க அம்மா சபையில இருந்தா அவங்களையே கேளுங்க!

பெத்தவங்க ஊருக்குத் திரும்ப விமான டிக்கெட் போட்டாச்சு ஐயா. அடுத்த டிசம்பருக்கு உடம்பு இடம் கொடுக்குமோ, விசா கிடைக்குமோ. அவங்களை இந்த வருஷமே கூட்டிட்டுப் போங்கன்னு தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.