தினமும் மூன்று கோப்பை பால்: யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

"தினமும் பால் குடியுங்கள்" என்று பல நாட்டு அரசுகள் மக்களுக்குச் சொல்லி வருகின்றன. சில அரசுகள் அளவும் சேர்த்தே சொல்கின்றன. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் நாளொன்றுக்கு 3 கோப்பை பாலோ, அதற்கு ஈடான தயிர், சீஸ் போன்றவையோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2005இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி சொன்னது. 2020இல் வந்த பதிப்பிலும் அதே அளவுதான். ஒரு கோப்பை 240 மில்லி என்று வைத்தால், முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வயதுப் பிள்ளைக்கும் அதே, அறுபது வயதுக்காரருக்கும் அதே. இந்த யோசனை சரியா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் நல்ல உணவு. சாப்பாட்டில் குறை உள்ளவர்களுக்கு அது நிச்சயம் பலன் தருகிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிற ஒருவர் தினமும் மூன்று கோப்பை குடித்தே ஆகவேண்டும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். லண்டனுக்கு அருகில் இருந்த ஒரு சிறுவர் இல்லத்தில் கோரி மான் என்ற மருத்துவர் ஒரு சோதனை நடத்தி 1926இல் முடிவை வெளியிட்டார். வழக்கமான சாப்பாட்டோடு தினமும் ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பால் பெற்ற சிறுவர்கள் ஓராண்டில் சுமார் 7 பவுண்டு எடை கூடினார்கள். வழக்கமான சாப்பாடு மட்டும் சாப்பிட்டவர்கள் 4 பவுண்டு கூடக் கூடவில்லை. உயரத்திலும் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்து 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் மிகப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். பாதிப் பேருக்கு நான்கு மாதம் தினமும் முக்கால் பைன்ட் பால், மீதிப் பேருக்குப் பால் இல்லை. பால் குடித்தவர்கள் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று முடிவு வந்தது. 'ஸ்டூடென்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் வில்லியம் காசெட் மறு ஆண்டே அந்தச் சோதனையை எடுத்து அலசினார். யாருக்குப் பால் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் வாட்டசாட்டமான பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ அதிகமாகச் சேர்ந்துவிட்டால் ஆட்களை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. எந்த ஆசிரியருக்குத்தான் மனம் கேட்கும்? ஒட்டிய கன்னத்தோடு நிற்கும் பிள்ளையைப் பால் வரிசைக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால், பால் கிடைக்காத பிள்ளைகள் சோதனை தொடங்கும்போதே உயரத்திலும் எடையிலும் மேலாக இருந்தார்கள். எடை பார்த்ததும் உடுப்போடுதான். பிப்ரவரிக் குளிரில் கனத்த உடை, ஜூன் மாதத்தில் மெல்லிய உடை. ஏழைப் பிள்ளைக்குக் கழற்றி வைக்கக் கனத்த உடை ஏது? மற்றப் பிள்ளைகளுக்கு உடையால் குறைந்த எடை இவர்களுக்குக் குறையவில்லை. அதுவும் கணக்கைக் குழப்பியது. இன்றைக்கும் புள்ளியியல் வகுப்புகளில் இந்தச் சோதனையைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

இதனாலெல்லாம் பால் பயனற்றது என்று ஆகிவிடாது. அரைகுறையாகச் சாப்பிட்டு வளர்ந்த அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரதமும் கொழுப்பும் வைட்டமினும் கால்சியமும் ஒரே குவளையில் கிடைத்தன. பள்ளியில் பால் கொடுத்தது நல்ல காரியம்தான். பசித்த பிள்ளைகளிடம் பார்த்த பலனைப் பிறகு எல்லா வயதுக்கும் எல்லா வீட்டுக்கும் நீட்டியதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

சரி, அளவு எப்படி வந்தது? பெரும்பாலும் கால்சியம் கணக்கிலிருந்து. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நடுவயதுக்காரருக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அமெரிக்கா. பிரிட்டன் 700 போதும் என்கிறது. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் எலும்பு மாறிவிடுவதில்லையே! உணவில் எவ்வளவு கால்சியம் போகிறது, கழிவில் எவ்வளவு வெளியேறுகிறது என்று சில வாரங்கள் அளந்து பார்க்கும் ஆய்வுகளை வைத்தே அமெரிக்கக் கணக்கு பெரும்பாலும் போடப்பட்டது. கால்சியம் குறைவாக வந்தால் உடல் நாளடைவில் அதை இன்னும் சிக்கனமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வாரக் கணக்கில் அது முழுதாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உணவு வழிகாட்டியை வெளியிடும் இரண்டு துறைகளில் ஒன்று வேளாண்மைத் துறை. 1983இல் வந்த சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு 100 பவுண்டு பாலுக்கும் 15 சென்ட் வீதம் பண்ணைக்காரர்கள் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் பால் விளம்பரம் நடக்கிறது. அதை மேற்பார்வை பார்ப்பதும் இதே துறைதான். பண்ணைக்காரர் தன் பாலை விற்க விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் விற்பனைக்கு உதவுகிற கையே "எவ்வளவு குடிக்க வேண்டும்" என்றும் எழுதினால், படிக்கிறவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

எலும்பு விஷயத்துக்கு வருவோம். சுவீடனில் 61,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் மூன்று குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் எலும்பு முறிவும் இறப்பும் அதிகமாகவே காணப்பட்டன. தயிர் வகைகளில் அப்படித் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுப் பாலை விஷம் என்று சொல்லக் கிளம்பியவர்கள் உண்டு. அது தப்பு. கவனித்துப் பார்க்கும் ஆய்வு காரணத்தை நிரூபிக்காது. ஆய்வாளர்களே எச்சரிக்கையோடு படிக்கச் சொன்னார்கள். 21 நாடுகளில் நடந்து 2018இல் வெளிவந்த வேறொரு பெரிய ஆய்வில், பால் பொருட்களை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் இதய நோயும் குறைவாகவே இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று கோப்பை என்று அடித்துச் சொல்ல இடமில்லை.

நான் அதிகம் மதிக்கிற ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 60 முதியோர் இல்லங்கள், 7,000க்கும் மேற்பட்ட முதியவர்கள். அவர்கள் சாப்பாட்டில் கால்சியமும் புரதமும் போதவில்லை. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றைக் கூட்டினார்கள். எந்த இல்லத்தில் கூட்டுவது என்பதை இந்த முறை குலுக்கல் முறையில்தான் தீர்மானித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. 2021இல் வெளிவந்த முடிவு இது. மாத்திரை எதுவும் இல்லை, வெறும் சாப்பாடுதான்! உங்கள் வீட்டில் பல் போய், பசி குறைந்து, தேநீரும் ரொட்டியுமாக நாளைத் தள்ளும் பெரியவர் இருந்தால், பாலும் தயிரும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அப்புறம், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அது குறைந்துவிடுகிறது. அது நோய் இல்லை, மனித உடலின் பழைய இயல்பு. வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும். பலருக்கு ஒரு கோப்பை வரை தொந்தரவு வராது. தயிர் இன்னும் எளிதாகச் செரிக்கும். பெரும்பான்மையோருக்கு முழுதாகச் செரிக்காத ஒன்றைத் தினமும் மூன்று வேளை குடிக்கச் சொல்வது முறையா?

கனடா 2019இல் வழிகாட்டியைத் திருத்தியபோது பாலுக்கென்று இருந்த தனிப் பிரிவை எடுத்துவிட்டு, புரத உணவுகளோடு சேர்த்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. தொழில் துறை பணம் கொடுத்து எழுதவைத்த அறிக்கைகளையும் ஒதுக்கி வைத்தது. அது சரியான வழி என்பது என் எண்ணம்.

பாலை விடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கால்சியத்துக்குப் பசலைக்கீரையை நம்ப வேண்டாம். அதில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், கால்சியம் சேர்த்துச் செய்த டோஃபு என்ற சோயாக் கட்டி நல்லவை. இறைச்சி, முட்டை, மீனும் சாப்பிடாதவர்கள் வைட்டமின் பி12க்குத் தனியாக வழி தேட வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பாதாம் பானம், அரிசி பானம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்கள் சோயா பானம் வாங்கினால் கால்சியம் சேர்த்திருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.