டியூப் போடும் நேரத்தில் இதயத் துடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற அறுவைசிகிச்சையில், கத்தி படுவதற்கு முன்பே இதயத்துக்கு ஒரு சோதனை வருகிறது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும் நேரம் அது.

தொண்டைக்குள் வழி பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பின் பிளேடு நாக்கின் அடியைத் தூக்கியதும் தொண்டை நரம்புகள் மூளைத்தண்டைத் தட்டி எழுப்புகின்றன. நோயாளிக்கு நினைவில்லை, உடம்புக்கு உறைக்கிறது. அட்ரினலின் பாய்கிறது. மானிட்டரில் 75 என்று ஓடிய நாடி ஓரிரு நிமிடத்தில் 110ஐத் தொடலாம், ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். ஐந்து பத்து நிமிடத்தில் தானாகவே இறங்கிவிடும். திடமானவர் தாங்கிக்கொள்வார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு அப்படியல்ல. துடிப்பு வேகமாக ஆக, இதயத் தசைக்கு ரத்தம் பாய்கிற இடைவெளி சுருங்குகிறது.

இதைத் தணிக்க மருந்துகள் பல உண்டு. எதைக் கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறோம். வலுவான வலிநிவாரணியான ஃபென்டானில், உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், பிளேடு வாய்க்குள் போக 3 முதல் 5 நிமிடம் முன்பே ஏற வேண்டும். பிளேடைக் கையில் எடுத்தபிறகு போட்டால், அழுத்தம் தானாக இறங்குகிற சமயத்தில் மருந்தும் சேர்ந்து அமுக்கும். மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெய்ன் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் கொடுப்பதும் உண்டு; எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை, தனியாக அதை நம்பக் கூடாது.

நாடியைக் குறிவைத்து அடக்க, பீட்டா பிளாக்கர் வகை ஊசி மருந்தான எஸ்மோலால் நல்லது. 10 மில்லி குப்பியில் 100 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 6 மில்லி, இரண்டு நிமிடம் முன்பு, மெதுவாக. சிவப்பணுக்களில் உள்ள நொதியே உடைத்துவிடுவதால் 9 நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆஸ்துமாவோ, ஹார்ட் பிளாக்கோ (இதயத்துக்குள் மின்தூண்டல் பாய்வதில் தடை; ரத்தக்குழாய் அடைப்பு அல்ல) உள்ளவர்களுக்கு இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அமைதிப்படுத்தும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடினைச் சலைனில் கலந்து முழு 10 நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டு ஒரே தள்ளாகத் தள்ளினால் அழுத்தம் முதலில் எகிறும், நாடியோ 40க்கு விழலாம். விழுந்த நாடியைத் தூக்கும் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் இருக்கட்டும்.

கையும் மருந்துதான். 15 விநாடிக்குள் டியூப் உள்ளே போனால் ஏற்றம் குறைவு. இரண்டாம் முறை பிளேடு போட்டால் மறுபடி ஏறும். அதற்குமுன் மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்து மயக்கத்தையும் ஆழமாக்க வேண்டும்.

நாடியை அடக்கும் பீட்டா பிளாக்கர்களான அட்டினலால், மெட்டோப்ரோலால் மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வயிறு என்று சொன்னார்களே என ஆபரேஷன் அன்று காலை அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வார். திடீரென நிறுத்தினால் நாடி கட்டுக்கடங்காமல் ஓடலாம்.