விளையாட்டுக்குள்ளே பசித்தால்

நண்பர்களே, வணக்கம். கணினி விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை என்றாலே வாளும் அரக்கனும்தான் நினைவுக்கு வரும். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இந்த வகை ஜப்பானிய லைட் நாவல்களை, அதாவது இளைஞர்களுக்கான எளிய நடை நாவல்களை, பெரிய அலையாக்கியது கவஹாரா ரெகியின் 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்'. ஒரு போட்டிக்காக எழுதத் தொடங்கினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்பவில்லை, தன் இணையதளத்திலேயே போட்டார். வேறொரு கதைக்கு டெங்கெகி என்ற நாவல் பரிசை வாங்கிய பிறகுதான், 2009இல், இது புத்தகமானது. கதைப்படி 2022 நவம்பரில் பத்தாயிரம் பேர், மூளையை விளையாட்டோடு இணைக்கும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். வெளியேறும் பொத்தானைக் காணோம். உள்ளே செத்தால் கவசம் மூளையைப் பொசுக்கிவிடும். வெளியே யாராவது கவசத்தைக் கழற்றினாலும் அதே கதிதான். நூறு தளங்களையும் வென்றால்தான் விடுதலை.

சரி, இதெல்லாம் தூண்டில். எனக்குப் பிடித்த இடம் எழுபத்து நான்காம் தளத்தில் வருகிறது. கதாநாயகன் கிரிட்டோவும் அவன் தோழி அசுனாவும் சண்டைக்கு நடுவே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். அதில் மயோனைஸ் ருசி! அந்த உலகத்தில் மயோனைஸே கிடையாது. இருக்கிற விதைகள், இலைகள், மசாலாக்கள் ஒவ்வொன்றும் நாக்குக்கு என்ன தகவல் அனுப்புகிறது என்று ஒரு வருடம் ஆராய்ந்து, கலந்து கலந்து பார்த்து அந்தப் பெண் கண்டுபிடித்தது அது. சோயா சாஸும் அப்படித்தான். உயிர் போகும் இடத்தில் ஒருத்தி ஊர் ருசியைத் தேடி ஒரு வருடம் செலவழித்திருக்கிறாள். இந்த நாவலில் எந்தச் சண்டையும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகப் படவில்லை. சண்டைகளில் கொஞ்சம் அலட்டல் உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாப்பாட்டு இழையை இன்னும் தூரம் இழுத்தவர் டோனோ மமாரே. அவருடைய 'லாக் ஹொரைசன்' 2010இல் இணையத்தில் தொடங்கியது. அங்கே செத்தால் கோயிலில் மறுபடி எழுந்துவிடலாம். அப்புறம் என்ன பயம்? பயமில்லை, சலிப்பு. விளையாட்டின் மெனுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் கறி, மீன், கேக் என எது கேட்டாலும் கண்ணுக்கு அழகாக வந்துவிடும். வாயில் வைத்தால் எல்லாம் ஒரே சப்பை, நமத்துப்போன பிஸ்கட் மாதிரி. அவர்கள் மாட்டிக்கொண்ட அகிஹபாரா நகரமே சோர்ந்து போய்க் கிடக்கிறது. புதிதாக வந்த சிறுவர்களைப் பெரியவர்கள் சுரண்டுகிறார்கள், தடுக்க ஆளில்லை.

சமையல் திறன் உள்ள ஒருவர் மெனுவைத் தொடாமல், கையாலேயே நறுக்கி வதக்கினால் ருசி வருகிறது! இந்த ரகசியம் தெரிந்ததும் ஷிரோயே என்ற கண்ணாடிக்காரன் என்ன செய்கிறான் தெரியுமா? நண்பர்களை விட்டு பர்கர் விற்கச் சொல்கிறான். தெருவில் வரிசை நிற்கிறது. வந்த பணத்தோடு ஆட்டக்காரர்களின் பெரிய குழுக்களிடமும் முதலீடு வாங்கி, எல்லாக் குழுக்களும் அலுவலகம் வைத்திருக்கும் கட்டடத்தையே விலைக்கு வாங்கிவிடுகிறான். பிறகு அத்தனை தலைவர்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, நகரத்துக்குச் சட்டம் எழுதவைக்கிறான். ஒரு அரசாங்கமே பர்கர் கடையிலிருந்து பிறக்கிறது. வாள் ஒன்றுகூட உருவப்படவில்லை.

ஆனால் கவஹாராவிடம் ஒரு குரூரம் இருக்கிறது, அது மமாரேவிடம் இல்லை. அசுனாவின் சாண்ட்விச் விளையாட்டுக்குள் எடுக்கும் பசியைத் தீர்க்கும், உடம்புக்குப் போய்ச் சேராது. உடம்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது. இரண்டு வருடம் கழித்துக் கிரிட்டோ கண் விழிக்கும்போது கையில் ஊசிக்குழாய், தோளுக்குக் கீழே வளர்ந்த முடி, எலும்பும் தோலுமான உடம்பு. உள்ளே அத்தனை விருந்து சாப்பிட்டவன், எழுந்து நிற்க டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான்.