பழைய டிராலர் படகு வாங்கும்போது தளத்துக்கு அடியில் பார்க்க வேண்டியவை

மதுரை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். கப்பல் எஞ்சின் அறைகளில் 27 ஆண்டுகள் கழித்துவிட்டு, கடற்காற்றே படாத மதுரையில் வந்து குடியிருப்பவன் நான். மதுரைக்காரனுக்குத் தெப்பக்குளத்துத் தெப்பத்தைத் தவிர வேறு மிதவை தெரியுமா என்று கப்பலில் தூத்துக்குடி நண்பர்கள் கேலி செய்வார்கள். கடற்பயண அனுபவங்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள்; நான் அதைவிடப் பயன்படக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மலேசியாவில் தொழில் செய்யும் என் பள்ளித் தோழர் ஒருவர், சென்ற ஆண்டு லங்காவித் தீவில் பழைய டிராலர் யாட் ஒன்றை வாங்க விரும்பி, துணைக்கு என்னை அழைத்தார். அங்கே நாங்கள் பார்த்தவற்றையும், பார்க்கத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன்.

டிராலர் என்றதும் இராமேசுவரத்து இழுவை விசைப்படகு நினைவுக்கு வருவது இயல்பு. டிராலர் யாட்டில் வலை கிடையாது, மீன் கிடங்கும் கிடையாது. மீன்பிடி டிராலரின் உருவத்தை, அதாவது உயர்ந்த முன்பகுதியான அணியத்தையும் ஆழமான அடிப்பாகத்தையும் நிதானமான நடையையும் எடுத்துக்கொண்டு, உள்ளே படுக்கையும் சமையலறையும் அமைத்து, குடும்பத்தோடு வாரக்கணக்கில் கடலில் வாழ்வதற்காகக் கட்டப்படும் படகு அது. இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கிராண்ட் பேங்க்ஸ் படகுகள் 1960-களில் ஹாங்காங்கில் மரத்தால் கட்டப்பட்டன. 1973-இல் ஃபைபருக்கு மாறின. 1970, 80-களில் தைவானில் கட்டப்பட்டவையும் ஏராளம். பழைய டிராலர் சந்தையில் இன்று விலைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இந்தத் தலைமுறைப் படகுகளே.

வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்கக் கூடாது. தண்ணீரைப் பிளந்து செல்லும் இவ்வகைப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், நாட் கணக்கில் அதன் உச்ச வேகம் கிடைக்கும். 36 அடி என்றால் 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர்; நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவரின் வேகம். அதற்கு மேல் எவ்வளவு குதிரைத்திறனைச் சேர்த்தாலும் அலைதான் பெரிதாக எழும்புமே தவிர, படகு விரைந்து போகாது. ஆனால் 7 நாட்டோடு மனநிறைவு அடைபவருக்கு ஒற்றை எஞ்சின் படகு மணிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் டீசலிலேயே ஓடிவிடும். இரட்டை எஞ்சின் இருந்தால் துறைமுகத்துக்குள் திருப்புவது எளிது என்பது உண்மை. ஆயினும் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் மறைவில் பாதுகாப்பாகச் சுழலும் ஒற்றைப் புரொபெல்லரையே நான் விரும்புவேன். பராமரிக்க வேண்டிய எஞ்சினும் ஒன்றாகக் குறைகிறது.

வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதுதான். என் தோழரும் அதையே கேட்டார். எஞ்சின்காரனான நானே சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம். 40 ஆண்டுகளில் 1,500 மணி நேரமே ஓடிய எஞ்சின் என்பது, பெரும்பாலான நாட்கள் உப்புக் காற்றில் சும்மா கிடந்து உள்ளே துருப்பிடித்த எஞ்சினாக இருக்கக்கூடும். டீசல் எஞ்சின் உழைப்பதைவிடச் சும்மா இருப்பதால்தான் அதிகம் கெடுகிறது. மேலும், பழைய டீசல் எஞ்சின் பழுதானாலும் அதைத் திறந்து சரிசெய்ய முடியும். தளத்துக்குள்ளும் டீசல் தொட்டிகளிலும் புகுந்த தண்ணீர் செய்யும் கேட்டைத் திருத்துவதற்குப் படகின் விலையில் பாதி கரைந்துவிடும். ஆகவே நான் முதலில் தேடுவது தண்ணீர் புகுந்த வழிகளைத்தான்.

அந்தத் தலைமுறைப் படகுகளில் மேல்தளத்தின் மீது தேக்குப் பலகை பதித்திருப்பார்கள். பார்வைக்கு அது செட்டிநாட்டு வீட்டு முற்றம் போல அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பலகைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் கீழே உள்ள ஃபைபர் தளத்தில் முறுக்கியிருக்கிறார்கள். அந்த ஃபைபரின் இரு தோல்களுக்கு நடுவே இருப்பது பிளைவுட் அல்லது எடை குறைந்த பால்சா மரம். பலகை தேய்ந்து, இடுக்கில் பூசிய பசை காய்ந்துவிட்டால், ஒவ்வொரு திருகாணித் துளையும் மழைநீருக்கு ஒரு வாசல். வெளியே எதுவும் தெரியாமல் நடுமரம் அழுகும். சிறு சுத்தியலின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அழுகிய இடம் மொத்தென்று ஒலிக்கும். வெறுங்காலோடு நடந்து பார்ப்பதும் நல்லது. லங்காவியில் முதலில் பார்த்த படகில் அணியத்துக்கு அருகே என் குதிகால் லேசாக உள்வாங்கியது. படகு முழுவதும் புது வார்னிஷ் பளபளத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தளத்துக்கு நேர் கீழேதான் டீசல் தொட்டிகள். பல படகுகளில் அவை இரும்புத் தகட்டால் ஆனவை. மேலிருந்து சொட்டும் நீர் தொட்டியின் தலையில் தேங்கி, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் தகட்டை அரிக்கும். எஞ்சினை வெளியே எடுக்காமல் அந்தத் தொட்டியைக் கழற்ற முடியாதபடி கட்டிய படகுகளும் உண்டு. கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு தொட்டியின் தலையையும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். உடம்பை வளைத்து அங்கே போக முடியாவிட்டால், அதுவே ஒரு குறை என்று எழுதிக்கொள்ளலாம். அந்த முதல் படகின் தொட்டி, தொட்ட விரலில் டீசல் ஈரத்தையும் துருப்பொடியையும் சேர்த்தே கொடுத்தது.

இனி எஞ்சினுக்கு வருவோம். என் தாத்தா உழவுமாடு வாங்கப் போனால், குளிப்பாட்டி, கொம்பு சீவி நிறுத்திய மாட்டுக்கு அன்றைக்கு விலை பேசமாட்டார். மறுநாள் விடியலில், சொல்லாமல் கொள்ளாமல் தொழுவத்துக்குப் போய், மாடு எழுந்து நிற்பதைப் பார்ப்பார். எஞ்சினையும் அப்படிக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். போனவுடன் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், எதையோ மறைப்பதற்காக முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். எஞ்சின் சூடேறிய பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் எண்ணெய் எரிகிறது; கரும்புகை, காற்றுப் போதாமையையோ மிகைச் சுமையையோ காட்டும். பிறகு கடலுக்குக் கொண்டுபோய், முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டி, எஞ்சின் தனக்குரிய சுழற்சி எண்ணிக்கையைத் தொடுகிறதா, வெப்பமானி ஓரிடத்தில் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இந்தப் படகுகளில் அடிக்கடி காணக்கூடிய ஃபோர்டு லேமன் 120 எஞ்சினில் ஒரு நுட்பம் உண்டு. அதன் டீசல் பம்ப்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு. அதை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். விழித்தால், மற்றப் பராமரிப்பு எப்படி நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. ஃபைபருக்குள் நீர் ஊறியதால் எழும் கொப்புளங்கள் அப்போதுதான் தெரியும். அவை சிறிதாகவும் சிலவாகவும் இருந்தால் அதற்காக நான் படகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொப்புளத்தால் மூழ்கிய படகு அரிது. அதைவிட ஆபத்தானவை, கடல்நீரை உள்ளே எடுக்கும் குழாய்களின் வால்வுகள். ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். பித்தளையில் இளஞ்சிவப்பு நிறம் தட்டினால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள். அத்தகைய வால்வு ஒருநாள் கையோடு வந்துவிடும்.

இத்தனையும் நீங்கள் பார்த்தாலும் சர்வேயர் ஒருவரை அமர்த்தத்தான் வேண்டும். நிலம் அளக்கும் சர்வேயரை நான் சொல்லவில்லை. படகைச் சோதித்து அறிக்கை தரும் கடல்சார் சர்வேயர். விற்பனைத் தரகர் சிபாரிசு செய்யும் ஆளை ஏற்காமல், நீங்களே தேடி, நீங்களே கூலி கொடுங்கள். வழக்கமாக விலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கொடுத்து, சர்வே அறிக்கையும் கடலோட்டமும் மனநிறைவு தராவிட்டால் அது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு வரி இருந்ததால்தான் பளபளத்த படகிலிருந்து தோழரின் முன்பணம் மீண்டது. படகின் மீது கடன் பாக்கி, துறைமுக வாடகை பாக்கி இல்லை என்பதற்கான பத்திரங்களையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

அவர் இறுதியில் வாங்கியது 1981-இல் கட்டிய படகு. முந்தைய உரிமையாளர் தேக்குப் பலகைகளை முழுவதும் உரித்துவிட்டு, வெறும் ஃபைபர் தளத்துக்குச் சாம்பல் நிற வண்ணம் பூசியிருந்தார். பார்ப்பதற்கு அரசு அலுவலகப் பீரோ போல இருக்கும். இரும்புத் தொட்டிகளை அலுமினியத்துக்கு மாற்றியதற்கான ரசீதுகள் ஒரு பையில் இருந்தன. சர்வேயர் 43 குறைகளைப் பட்டியலிட்டார், அவற்றைக் காட்டி விலையைக் குறைத்தோம். விலையில் குறைத்த அந்தத் தொகையோடு கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து ஒதுக்கிவைக்கும்படி தோழரிடம் சொல்லியிருந்தேன். ரப்பர் குழாய்கள், இரண்டு வால்வுகள், புகைபோக்கியின் துருப்பிடித்த முழங்கை, பேட்டரிகள் என்று முதல் ஆறு மாதத்திலேயே அதில் முக்கால் பங்கு செலவாகிவிட்டது. தண்ணீர் மட்டும் இதுவரை எங்கும் சொட்டவில்லை. வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.