ஆர்வமா, அச்சமா? பனையில் ஏறினவனைக் கேளுங்கள்

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, வவுனியா உறவுகளே, வெளியே கச்சான் வாங்க நிற்பவர்களே, வணக்கம்.

மருத்துவமும் தாதியமும் படிக்கும் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐயை, கற்க நினைப்பது ஆர்வத்தாலா, அச்சத்தாலா? ஆர்வத்தால் என்பது எங்கள் அணி.

எனக்கு முதல் பேசிய தம்பி ஒரு வெடி கொளுத்திப் போட்டார். "ஏஐ படிக்கப் போயினமாம்! எங்கட ஊரில சிக்னல் எடுக்கவே பனையில ஏற வேணும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல பகிடி. ஆனால் தம்பி, பனையில் ஏறின அந்தப் பெடியன் ஏன் ஏறினான்? பாடக் குறிப்பை இறக்க. பயத்தில் மரம் ஏறுவது யானை கலைக்கும்போது. யானை கலைக்கும்போது யாராவது பனையைத் தேடுவானா? கிட்ட நிற்கிற பாலை மரத்தில் தொற்றுவான். கருக்கு கிழிக்கக் கிழிக்கப் பனையில் ஏறுகிறவனைப் பார்த்துப் பயந்தவன் என்கிறீர்களே! எங்கள் அணி பேச வேண்டியதை நீங்களே பேசிவிட்டீர்கள். அடுத்த முறை இந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறோம்.

அப்புறம், ஏஐ வேலையைப் பறிக்கும் என்று காட்ட, ஏஐயை வளர்த்த விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டனை இழுத்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவதை நிறுத்துங்கள் என்று 2016இல் ஹிண்டன் சொன்னது உண்மை. 2024இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கதிரியக்க மருத்துவர்களுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. இரண்டு தரப்பும் நல்லாத்தான் இருக்கினம், தம்பிதான் பதறுகிறார்.

சரி, செட்டிகுளத்துப் பெரியப்பாவின் கதைக்கு வருவோம். நெல் விதைக்கிறவர், முழங்கால் நோ. பேத்தி தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். ஒருநாள் அவளுடைய போனைப் பறித்து, "என்ர முழங்கால் ஏன் நோகுது, சொல்லு பாப்பம்" என்று அதட்டினார். ஏஐ பணிவாகச் சொன்னது: மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள். பெரியப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இருந்தது ஒரே ஒரு வாசற்படி. அன்றிலிருந்து அவர் அதைத் தாண்டவில்லை! தேத்தண்ணி கொண்டுவா, வெற்றிலை கொண்டுவா, ஆட்டைப் பிடித்துக் கட்டு. எல்லாம் பெரியம்மா. கேட்டால், "டொக்டர் படி ஏற வேண்டாமெண்டவர்." வயலுக்குப் போகச் சொன்னால், "வரம்பும் ஒரு படிதானே?" மூன்றாம் நாள் பெரியம்மா உலக்கையோடு வந்து, "அந்த டொக்டரைக் கூப்பிடு, நான் கதைக்கிறன்" என்றாராம்.

பேத்தி போனை வாங்கினாள். வயது, குந்தியிருந்து செய்யும் வேலை எல்லாம் சொல்லித் திரும்பக் கேட்டாள். இப்போது பதில் திருந்தி வந்தது, கூடவே இபுப்ரோஃபென் என்றொரு வலிமாத்திரையும் வந்தது. அங்கேதான் பிள்ளை நிறுத்தினாள். பெரியப்பா சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவர். அந்த மாத்திரை பழுதான சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கும். கேள்வியில் அதைச் சொல்லாவிட்டால் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? வவுனியாப் பக்கம் எத்தனை வீட்டில் அந்த நோய் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எதைக் கேட்பது, எதை நம்பாமல் விடுவது என்று படிக்கத்தான் பிள்ளைகள் விரும்புகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளிலும் மாணவர் சொல்வது ஏறக்குறைய இதுதான்: விருப்பம் இருக்கிறது, சொல்லித்தர வகுப்பு இல்லை. ஆய்வைப் பற்றி இவ்வளவு போதும், உங்களுக்குக் கொட்டாவி வருகிறது.

கடைசியாக ஒன்று, நடுவர் ஐயா. 2009இல் முள்ளிவாய்க்காலில் பள்ளிக்கூடம் ஒன்று ஆஸ்பத்திரியானது. மருந்து இல்லை, கட்டுத்துணி இல்லை. ஷெல் விழ விழ, இருந்த சீலையைக் கிழித்துக் காயம் கட்டினார்கள். அப்படிக் கட்டின அம்மாமாரின் பிள்ளைகள் இன்றைக்குத் தாதியராகப் படிக்கிறார்கள். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "அண்ணை, அண்டைக்கு அம்மாவிட்ட ஒண்டுமே இருக்கேல்லை. இண்டைக்கு எனக்கு ஒண்டு கிடைக்குது, அதை நான் படிக்காமல் விடுறதோ?" எனக்குப் பதில் வரவில்லை. எதிரணித் தம்பிக்கு வந்தால் எழும்பிச் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டது. தீர்ப்பு உங்களுடையது, ஐயா. வணக்கம்.